கால் ஆணி என்று நம்பிய இரண்டு வருடம்

2022 ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உடம்பின் பாரமெல்லாம் இறங்கும் மேட்டில், சின்னக் கல் ஒன்று குத்துவது போல இருந்தது. செருப்பை உதறிப் பார்த்தேன், கல் இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் உட்கார்ந்து காலை மடக்கிப் பார்த்தால், மிளகு அளவுக்குத் தோல் தடித்து நடுவில் ஒரு கரும்புள்ளி. முள் ஒடிந்து உள்ளே நிற்கிறது என்று ஊக்கால் நெருடினேன். முள் வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

அத்தை பார்த்துவிட்டு, “இது ஆணிம்மா. நின்னு நின்னு வேலை பாக்குறவங்களுக்கு வரும்” என்றார். நான் நான்காம் வகுப்பு டீச்சர். நாளுக்கு ஐந்து மணி நேரமாவது நிற்கிறவள். அத்தை சொன்னது அப்படியே பொருந்திப் போனதால் அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. அங்கே தொடங்கியதுதான் எல்லாத் தவறும்.

ஆணி என்று ஒரு பெயர் மனதில் ஏறிவிட்டால் கை அதற்கேற்றபடிதான் போகிறது. ஆணி என்றால் பிடுங்க வேண்டும். உள்ளே வேர் இருக்கும், அதைத் தோண்டி எடுத்தால் தீரும். இப்படித்தான் நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, பாதம் ஊறியிருக்கும்போது புது பிளேடால் சீவுவேன். இரண்டு நாள் சுகமாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி கல். மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். நடுவில் மருந்து வைத்த வட்டப் பிளாஸ்திரி அது. செருப்புக்குள் நகர்ந்து போய்ப் பக்கத்து நல்ல தோலை வெள்ளையாக ஊற வைத்தது. பக்கத்து வீட்டு அக்கா அம்மான் பச்சரிசிச் செடியை ஒடித்து அந்தப் பாலை வைக்கச் சொன்னார், வைத்தேன். வேறொருவர் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைக்கச் சொன்னார். அதையும் செய்து, தோல் வெந்து, மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். சுண்ணாம்பைக் காலில் வைக்க நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வேண்டாம்.

ஒரு வருடத்தில் ஒன்று மூன்றானது. 2024 பிப்ரவரியில் எண்ணியபோது வலது காலில் ஆறு. அவற்றில் நான்கு ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய காசு அளவுக்கு ஒரே திட்டாகியிருந்தன. குதிகாலை ஊன்றி, பாதத்தின் வெளி ஓரத்தால் நடக்கப் பழகியிருந்தேன். அதனால் முழங்காலும் வலித்தது. அப்போதுகூட டாக்டரிடம் போகத் தோன்றவில்லை. மார்ச்சில் என் பையன், எட்டு வயது, “அம்மா, எனக்கும் உன்னை மாதிரி வந்திருக்கு” என்று இடது காலைத் தூக்கிக் காட்டினான். இரண்டாம் விரலுக்கு அடியில் அதே கரும்புள்ளி.

நின்று வேலை பார்ப்பதால் வருகிற ஆணி, ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு எப்படி வரும்? அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. கோடை விடுமுறை விட்டதும், ஏப்ரல் கடைசியில் மயிலாடுதுறையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்க இருவரும் போனோம்.

அந்த அம்மா முதலில் எதுவும் சொல்லவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்து, வெளிச்சமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார். மேலிருந்து அழுத்தினார், வலித்தது. பிறகு இரண்டு பக்கமும் விரல் கொடுத்துக் கிள்ளினார். உயிரே போனது. “ஆணின்னா மேலிருந்து அழுத்தினாத்தான் ரொம்ப வலிக்கும். பக்கவாட்டுல கிள்ளும்போது இவ்வளவு வலிச்சா அநேகமா மரு” என்றார். மேல்தோலை மெல்லச் சீவியதும், குண்டூசி முனை அளவில் நாலைந்து இடத்தில் ரத்தம் துளிர்த்தது. “டீச்சர், இந்த ரேகையைப் பாருங்க” என்று போனில் படம் எடுத்துக் காட்டினார். கைவிரலில் இருப்பதுபோல உள்ளங்காலிலும் ரேகை இருக்கிறது. காய்ப்பிலும் ஆணியிலும் அந்த ரேகை தடிப்பின் மேலேயே ஓடும். என் காலில் ரேகைகள் தடிப்பின் ஓரம் வரை வந்து, பாறையைச் சுற்றிப் போகும் வாய்க்கால் மாதிரி ஒதுங்கிப் போயிருந்தன. நான் முள் என்று தோண்டிய கரும்புள்ளிகள், மருவுக்குள் ரத்தம் உறைந்து அடைபட்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள்.

ஆணி என்பது அழுத்தத்தாலும் உராய்வாலும் தோல் தடிப்பது. மரு என்பது தொற்று. ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய முகாமில் கேட்ட பெயர் அது. மறைக்காமல் கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எச்.பி.வி.யில் ஏறக்குறைய 200 வகை உண்டு. புற்றுநோயோடு முக்கியமாகத் தொடர்புடையவை 16, 18 போன்ற வகைகள். பாதத்தில் மருவாக வருபவை 1, 2, 4, 27, 57 போன்றவை. இவை வேறு குடும்பக் கிளை. “இதுல அது வராது. நிம்மதியா தூங்குங்க” என்றார். அன்று ராத்திரி தூங்கினேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை அதிகம் பாதித்தது. மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. உள்ளங்காலில் மேல்தோலே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன். நம் உடம்புப் பாரம் மருவை உள்பக்கமாக அழுத்துவதால் ஆழமாக இருப்பதுபோலத் தெரிகிறது. நான் இரண்டு வருடம் தேடிய வேர் அங்கே இல்லவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் சீவியபோது பிளேடில் ஒட்டிய வைரஸ், பக்கத்துத் தோலில் விழுந்த கீறல்களில் இறங்கியிருக்கிறது. முதலாவதைத் தவிர மற்ற ஐந்தும் நானே நட்டது. ஈரமான குளியலறைத் தரை, அங்கே எல்லோரும் குதிகால் தேய்க்க வைத்திருந்த ஒரே கல். இவற்றின் வழியாகப் பையனுக்குப் போயிருக்கலாம். வைரஸ் தோலில் புகுந்து மரு வெளியே தெரியவே பல மாதம் ஆகலாம் என்பதால் எந்த நாளில் என்று சொல்ல முடியாது. அந்தக் கல்லை அன்றே தூக்கிப் போட்டேன்.

பையனுக்கு டாக்டர் எதுவும் எழுதவில்லை. குழந்தைகளுக்கு வரும் மருவில் பாதி ஒரு வருடத்திலும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்திலும் தானாகவே போய்விடுமாம். வலி இல்லையென்றால் பிளாஸ்திரி ஒட்டி மூடி வைத்தால் போதும், நோண்டக் கூடாது என்றார். பெரியவர்களுக்கு அப்படிச் சீக்கிரம் போகாது. எனக்குப் பரவியும் விட்டது. அன்றைக்கே மருவை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வைத்தார்.

அது மைனஸ் 196 டிகிரி. சின்னக் குடுவையிலிருந்து புகையாகப் பீய்ச்சினார். முதல் ஐந்து விநாடி ஐஸ் வைத்தது போல இருந்தது. அதன் பிறகு பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தது போல. ஆறு இடத்திலும் இரண்டிரண்டு சுற்று. அன்று இரவு பாதம் விண்விண்ணென்று தெறித்தது. மறுநாள் பெரிய இடத்தில் ரத்தம் கலந்த கொப்புளம். உடைக்கக் கூடாது, தானே வற்றும் என்று முன்பே சொல்லியிருந்தார். பஞ்சு வைத்துக் கட்டி ஒரு வாரம் வீட்டோடு இருந்தேன். விடுமுறையில் போனது எவ்வளவு நல்லதென்று அப்போது தெரிந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் ஆனது.

கொப்புளம் ஆறிய பிறகு தினமும் போட ஒரு பெயின்ட் கொடுத்தார். சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் சேர்ந்தது, காய்ந்தால் மேலே பசை மாதிரிப் படலம் படியும். வேலையெல்லாம் இதில்தான் இருக்கிறது என்றார். நான் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாட்டிலில் இருக்கும் தாளில் இது இப்படி இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கென்று தனியாக வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊற வைப்பேன். நகம் தேய்க்கும் அட்டையால் வெள்ளையாக ஊறிய தோலை மட்டும் தேய்த்து எடுப்பேன். ரத்தம் வரும் அளவுக்குப் போகக் கூடாது. அந்த அட்டையை வேறு எதற்கும், நல்ல தோலுக்கும்கூட, பயன்படுத்தாமல் வாரா வாரம் எறிந்தேன். மருவைச் சுற்றி வாசலின் தடவி வேலி கட்டிவிட்டு, குச்சி முனையால் நடுவில் ஒரு சொட்டு. காய்ந்ததும் இன்னொரு சொட்டு. மேலே பிளாஸ்திரி. மறுநாள் காலையில் உரித்தால் வெள்ளைத் தோல் அதோடு வரும். எரிந்து புண்ணானால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வாரம்.

பன்னிரண்டு வாரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டேன். வாழ்வது வேறு. தேர்வுத்தாள் திருத்தும் நாளிலும், காய்ச்சல் நாளிலும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இரவிலும் தொட்டியும் அட்டையும் வேண்டும். ஐந்தாவது வாரம் சின்ன இரண்டில் ஒன்று உதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் எதுவுமே நகரவில்லை. அந்த மாதத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் விடப் பார்த்தேன். அப்போது படித்த ஒரு செய்தி வினோதமாகத் தெம்பு கொடுத்தது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. பாதத்தில் மரு உள்ள 240 பேரில் ஒரு பாதிக்குத் திரவ நைட்ரஜன், மறுபாதிக்கு தினமும் சாலிசிலிக் அமிலம். பன்னிரண்டு வாரத்தில் முழுமையாகக் குணமானவர்கள் இரண்டு பக்கமும் 14 சதவீதம்தான். என் உடம்பிலோ என் முயற்சியிலோ குறையில்லை, இந்த நோயே பிடிவாதமானது என்று புரிந்தது. அதைவிட, 800 ரூபாய்க்கு வாங்கிய வேதனையும், வீட்டில் போட்ட சொட்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடுகின்றன என்பதும்.

இந்தச் சமயத்தில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தைக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அவர் காலிலும் சுண்டு விரலோரம் ஒரு தடிப்பு உண்டு. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது பெயின்ட் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். “எனக்கும் ஒரு சொட்டு வையேன்மா, உனக்குத்தான் கேக்குதே” என்றார். வைக்கப் போய்விட்டேன். நல்ல வேளையாக டாக்டர் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி நினைவுக்கு வந்தது: “சர்க்கரை இருக்கா? கால் மரத்துப் போகுமா?” சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். அமிலம் தோலைத் தின்பது தெரியாது, புண்ணானால் ஆறாது. கார்ன் கேப்பிலும் இருப்பது இதே அமிலம்தான், கடையில் சீட்டே இல்லாமல் கொடுக்கிறார்கள். அத்தையை மறுநாளே சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காலைக் காட்டினோம். அவருடையது உண்மையிலேயே ஆணி. செருப்பை மாற்றியதும் குறைந்தது.

ஜூலை கடைசியில் பெரிய திட்டு பாதியாகியிருந்தது, ஆனால் நின்றுவிட்டது. டாக்டர் இன்னொரு வழி சொன்னார். குழந்தைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கானதை, மருவுக்குள்ளேயே கொஞ்சம் செலுத்துவது. எனக்குப் புரியவில்லை. மருவின் வைரஸ் ரத்தத்துக்குள் போகாமல் மேல்தோலிலேயே ஒளிந்து வாழ்வதால் நம் எதிர்ப்புச் சக்திக்கு அது கண்ணில் படுவதில்லை. தெரிந்த ஒரு எதிரியை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால், அதை விரட்ட வரும் காவல், பக்கத்தில் பதுங்கியிருப்பதையும் பார்த்துவிடலாம். பெரிய மருவில் மட்டும் போட்டாலே மற்றவையும் மறைவது உண்டு என்றார். இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்த மருந்து என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினேன் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

உள்ளங்காலில் ஊசி. நைட்ரஜனைவிட இது வலித்தது, ஆனால் அரை நிமிடம்தான். அன்று மாலை லேசாகக் காய்ச்சல் கண்டு, மறுநாள் சரியானது. மூன்று வார இடைவெளியில் மூன்று ஊசி. இரண்டாவதற்குப் பிறகு திட்டு கறுத்துச் சுருங்கியது. செப்டம்பர் நடுவில், குளித்துவிட்டுத் துடைக்கும்போது காய்ந்த பொருக்கு மாதிரி ஒன்று துண்டோடு வந்தது. ஊசி போடாத கடைசி ஒன்றும் அதே வாரத்தில் போனது. ஊசியால் போனதா, அதற்கு முந்தைய உழைப்பும் சேர்ந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். “எதுவா இருந்தா என்ன டீச்சர், ரேகை வந்துடுச்சான்னு பாக்கலாம்” என்று அதே கருவியை வைத்தார். ஒதுங்கிப் போயிருந்த ரேகைகள் நேராகத் தடங்கலின்றி ஓடின. அப்படி ஓடினால்தான் முழுக் குணம் என்று கணக்கு.

அத்தை எங்களுக்குச் சொல்லாமலேயே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்திருந்தார். அங்கே உப்பும் மிளகும் கொட்டினால், உப்பு கரைவதுபோல் மருவும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். பையன் கேட்டான், “எனக்கு இன்னும் போகலையே, நானும் கொட்டணுமா?” அத்தை அவன் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார். வெறுங்காலோடு பிராகாரத்தில் மூன்று சுற்று. கருங்கல் தரையில் வலது காலை முழுசாக ஊன்றி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இருவர் காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, தனித்தனித் துண்டில் துடைத்தேன். டார்ச் அடித்து அவன் விரலுக்கு அடியில் பார்த்தேன். போன மாதத்தைவிடச் சின்னதாகியிருந்தது. புதுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.