மூன்று நிமிடத்தில் ஒரு தீசிஸ்: மேடை ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடும் வறட்சி நிலவிய காலம். குளிக்கும் நேரத்துக்கே அளவு வைத்தார்கள். முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிடக் கடிகாரத்தைப் பலர் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்கான பிரிவின் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அதிலிருந்துதான் ‘த்ரீ மினிட் தீசிஸ்’ போட்டிக்கான, அதாவது ஆய்வேட்டை (தீசிஸ்) மூன்று நிமிடத்தில் மற்றவர்களுக்குப் புரியச் சொல்லும் போட்டிக்கான, யோசனை வந்தது. முதல் போட்டி 2008இல் அங்கேயே நடந்தது. இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதே விதிகளோடு நடத்துகின்றன. போட்டியே இல்லாத துறையில் படித்தாலும், அந்த விதிகளைக் கடன் வாங்கிப் பயிற்சி செய்வது ஆய்வு மாணவருக்கு நல்ல பலன் தரும்.

விதிகள் எளியவை, ஆனால் கறாரானவை. ஒரே ஒரு ஸ்லைடு, அதில் எதுவும் அசையக் கூடாது. ஒலி, காணொளி இல்லை. கையில் மாதிரிப் பொருள் எதையும் எடுத்துப்போகக் கூடாது. பாட்டாகவோ கவிதையாகவோ சொல்லக் கூடாது, பேச்சு மட்டும்தான். 3 நிமிடத்தை ஒரு நொடி தாண்டினாலும் தகுதி இழப்பு. நீங்கள் வாய் திறந்ததும் மட்டுமல்ல, நிகழ்த்துவதுபோல் உடலை அசைத்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

மூன்று நிமிடம் என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, சினாப்சிஸை (ஆய்வுச் சுருக்கத்தை) திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக வெட்டத் தொடங்குவது. முன்னுரையில் இரண்டு வரி, முந்தைய ஆய்வுகளில் ஒரு வரி, முறையியலில் மூன்று வரி, முடிவில் இரண்டு வரி. கேட்பவருக்கு அது புத்தகத்தின் பொருளடக்கத்தை வாசித்துக் காட்டுவதுபோல்தான் இருக்கும். தீசிஸின் வரிசை தேர்வாளருக்கானது. முன்னால் யார் என்ன செய்தார்கள், நீங்கள் எதைத் தவறவிடவில்லை என்று அவருக்கு நிரூபிக்க வேண்டும். அரங்கில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

சினாப்சிஸை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். “என் ஆய்வு எதற்குப் பதில் சொல்கிறது?” என்பதற்கான விடை ஒரு கேள்விக்குறியில் முடியும் வாக்கியமாக இருக்க வேண்டும். ‘குறித்த ஆய்வு’ என்று முடிந்தால் இன்னும் கேள்வி கிடைக்கவில்லை என்று பொருள். இந்த ஒரு வரிக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதை அவசரப்படுத்தினால் பிறகு எழுதும் ஒவ்வொரு வரியும் தள்ளாடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். தலைப்பு: ‘நீர் மறைய நீர் கட்டும் முறையில் நெல் வயல்களின் மீத்தேன் வெளியேற்றம் குறித்த ஆய்வு’. இதற்குள் இருக்கும் கேள்வி: “வயலை இடையிடையே காயவிட்டால், விளைச்சல் குறையாமல் மீத்தேன் குறையுமா?” இப்போது எது தேவை, எது வேண்டாம் என்று கேள்வியே சொல்லிவிடும். மண் வகைப்பாடு வேண்டாம். ரகத்தின் வம்சாவளி வேண்டாம். தண்ணீர் நிற்கும் மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் போவதும், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேன் உண்டாக்குவதும் வேண்டும். அந்த வாயுவில் பெரும்பகுதி நெல்லின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது என்பது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் படம் அதுதான்.

அடுத்தது சொற்கள். பரிசோதனைக்கூடத்தில் புழங்கும் சொற்களில் ஆபத்தானவை, கேட்பவருக்குத் தெரியாத சொற்கள் அல்ல. தெரியாத சொல் வந்தால் அவர் புருவத்தைச் சுருக்குவார், நமக்கும் புரிந்துவிடும். அவருக்கு வேறு பொருளில் தெரிந்த சொற்கள்தான் சத்தமில்லாமல் கவிழ்ப்பவை. ‘ட்ரீட்மென்ட்’ (சோதித்துப் பார்க்கும் முறை) என்றால் அவருக்கு மருத்துவம். ‘கன்ட்ரோல்’ என்றால் கட்டுப்படுத்துவது. அதை ‘ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வயல்’ என்று சொன்னால் போதும். ‘சிக்னிஃபிகன்ட்’ இன்னும் மோசம். புள்ளியியலில் அது, தற்செயலாக மட்டுமே இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்பதைக் குறிக்கிறது. வேறுபாடு பெரியது என்று அதற்குப் பொருள் இல்லை. ‘குறிப்பிடத்தக்க’ என்று தமிழாக்கிச் சொன்னாலும் கேட்பவர் ‘பெரிய’ என்றே எடுத்துக்கொள்வார்.

‘மீத்தேன்’ என்ற சொல்லையே பாருங்கள். சென்னையில் அது வெறும் வாயு. தஞ்சை, திருவாரூர் பக்கம் அது ஒரு போராட்டத்தின் பெயர். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். அந்தப் பரப்புரையில் இருந்தபோதுதான் 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மறைந்தார். அந்த ஊர்களில் “நெல் வயலிலிருந்து மீத்தேன்” என்று தொடங்கினால், அடுத்த இரண்டு நிமிடமும் அரங்கின் மனம் எண்ணெய்க் கிணறுகளில்தான் இருக்கும். “நிலத்தடியில் தோண்டி எடுக்கும் மீத்தேனைப் பற்றியதல்ல இது, சேற்றில் தானாக உருவாவதைப் பற்றியது” என்று முதல் அரை நிமிடத்திலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கலைச்சொல் அகராதி இந்த உதவியைச் செய்யாது.

அகராதியைப் பற்றி இன்னொன்று. தூய கலைச்சொல்லைப் போட்டால் தமிழில் சொன்னதாகிவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ‘வளிம நிறப்பகுப்பியல்’ (கேஸ் குரோமட்டோகிராஃபி) என்றால் அரங்கில் யாருக்கும் புரியாது, வேதியியல் படித்தவருக்கும் சேர்த்து. “நெற்குத்துகளின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த இடைவெளியில் ஊசியால் காற்றை உறிஞ்சி, அதில் மீத்தேன் எவ்வளவு என்று கருவியில் அளந்தோம்” என்றால் கருவியின் பெயரே தேவைப்படாது.

உவமை வேண்டும், ஆனால் ஒன்றுதான். நெல்தண்டைப் புகைபோக்கி என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் உறிஞ்சுகுழல் என்றால் இரண்டும் நிற்காது. எடுத்த உவமை எங்கே உடைகிறது என்பதையும் முன்னாலேயே பார்த்துவையுங்கள். புகைபோக்கி என்றால் கீழே நெருப்பு எரிவதாக ஒரு சின்னப் பிள்ளை நினைக்கலாம். கேள்வி நேரத்தில் அது வந்தே தீரும்.

எண்களில் இரண்டு போதும், மூன்று தாங்காது. விழுக்காட்டை மட்டும் சொன்னால் ‘எதில்?’ என்ற கேள்வி தொங்கும். ஒரு ஏக்கருக்கோ ஒரு பருவத்துக்கோ எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘15 செ.மீ.’ போன்ற எண்ணைச் சொல்வதைவிடக் கையால் காட்டுவது நல்லது. இந்த முறையில் வயலில் நட்டிருக்கும் துளையிட்ட குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் கட்டுவார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் வரும் சாணில் ஏறக்குறைய முக்கால் பங்கு அது. “முக்கால் சாண் இறங்கினால் மடையைத் திற” என்றால் தமிழ் அரங்கில் வேறு விளக்கம் வேண்டாம்.

பாதகமான முடிவை ஒளிக்கக் கூடாது. வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம், அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுதான். இதற்குப் பத்து நொடி ஒதுக்கினால் நடுவர்களிடம் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. ஒதுக்காவிட்டால் அதைக் கேள்வியாகக் கேட்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

இனி எழுத்துப்படி. ஆங்கிலத்தில் மூன்று நிமிடத்துக்கு 390 முதல் 450 சொல் வரை வரும். தமிழில் அந்தக் கணக்கு செல்லாது. ‘காயவிடவேண்டியிருந்தது’ என்பது ஒரே சொல், ஆங்கிலத்தில் நான்கைந்து. 270 சொல்லில் தொடங்கி, உரக்கப் படித்து, கடிகாரம் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். இலக்கு 2 நிமிடம் 45 நொடி. மீதி 15 நொடி சிரிப்புக்கும், தடுமாற்றத்துக்கும், மேடையில் மூச்சு வாங்குவதற்கும் போய்விடும். நேரப் பங்கீடு ஏறக்குறைய இப்படி: தொடக்கக் காட்சிக்கு 25 நொடி, கேள்விக்கு 30, செய்த வேலைக்கு 45, கண்டதற்கு 45, அதனால் யாருக்கு என்ன என்பதற்கு 20. செய்த வேலைக்கு 90 நொடி எடுத்துக்கொள்வதுதான் ஆய்வு மாணவர்களின் நிரந்தர நோய். மூன்று பருவம் சேற்றில் நின்ற வலி அப்படிப் பேசவைக்கும், பாவம்.

தொடக்க வரியைக் கடைசியில் எழுதுங்கள். “காலநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்கொள்ளும் மிகப் பெரிய சவால்” என்று தொடங்கினால், அன்று அதே வரியோடு வந்திருக்கும் இன்னும் நான்கு பேரோடு நீங்களும் ஒருவர். “தண்ணீர் நிற்கிற வயலில் காலை வைத்தால் குமிழ் குமிழாக மேலே வரும், பார்த்திருக்கிறீர்களா?” என்றால் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள், பார்க்காதவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதிக்குக் குறிப்புகளின் வரிசை மட்டும் நினைவில் இருந்தால் போதும். முழுவதும் மனப்பாடமானால், ஒரு சொல் வழுக்கியதும் மொத்தமும் நின்றுபோகும்.

ஒத்திகையைச் சக ஆய்வாளர் முன் மட்டும் செய்வதில் பலன் குறைவு. அவருக்கு எல்லாம் தெரியும், விட்டுப்போனதை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். வேறு துறைக்காரர் ஒருவரிடம் சொல்லுங்கள். உடனே கருத்துக் கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். மறுநாள் காலை சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, “நேற்று நான் சொன்னது என்ன?” என்று கேளுங்கள். இரவு தாண்டி எது மிஞ்சியதோ அதுதான் உங்கள் பேச்சு. மிஞ்சியது நீங்கள் விரும்பியதாக இல்லையென்றால் படியைத் திருத்துங்கள். இப்படி மூன்று பேர், மூன்று சுற்று.

ஸ்லைடில் உங்கள் வயலின் புகைப்படம் ஒன்று, அதன்மேல் ஐந்தாறு சொல். வரைபடம் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பட்டைகளுக்கு மேல் வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபடுத்தாதீர்கள், நிறக்குருடு உள்ளவர் பலருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

தமிழ் எழுத்துருவில்தான் பலர் அடிபடுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் அடியுங்கள், அதோடு பிடிஎஃப் ஆகவும் சேமித்து இரண்டையும் கொண்டுபோங்கள். பேச்சோடு ஆய்வுச் சுவரொட்டியும் வைப்பதாக இருந்து, அதை டிசைன் மென்பொருளில் செய்தால் ‘கொ’, ‘கோ’ எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வைப் போட்டால் சரியாகும். ஏ0 அளவில், அதாவது 841 × 1189 மி.மீ., அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 தாளில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் கண்ணை இடுக்காமல் படிக்க முடியாத எழுத்தைச் சுவரில் நின்றுகொண்டும் யாரும் படிக்கப்போவதில்லை.

கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) ஒன்றை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்: இதில் காப்புரிமைக்கு ஏதாவது இருக்கிறதா? புதிய கருவி, புதிய கலவை, புதிய செய்முறை எதுவாக இருந்தாலும், விண்ணப்பிக்கும் முன் பொது மேடையில் விளக்கிவிட்டால் அது ‘புதியது’ என்ற தகுதியை இழக்கும் ஆபத்து உண்டு. சட்டத்தில் விலக்குகள் இருந்தாலும் அவை குறுகியவை, அவற்றை நம்பி மேடை ஏறக் கூடாது. முதற்கட்ட விவரக்குறிப்போடு தாக்கல் செய்துவிட்டால், முழு விவரத்தைத் தர 12 மாதம் கிடைக்கும். இதையெல்லாம் போட்டிக்கு முந்தைய வாரம் யோசித்தால் ஒன்றும் நடக்காது. கூட்டு ஆய்வு என்றால், இன்னும் வெளியிடாத தரவைச் சொல்ல மற்றவர்களின் சம்மதமும் வேண்டும்.

அன்றைய நாளுக்குச் சில சில்லறை விஷயங்கள். காலர் மைக்கைத் துப்பட்டாவோ முந்தானையோ உரசாத பக்கம் மாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்று நிமிடமும் கரகரப்புதான். கைமைக் என்றால் வாய்க்கு நேரே வைக்காமல் முகவாய்க்குக் கீழே பிடியுங்கள். கையால் சாண் காட்டும் இடம் இருந்தால் கைமைக் உதவாது, அதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரையைத் திரும்பிப் பார்க்காதீர்கள், ஸ்லைடு எங்கும் ஓடிவிடாது.

முடிந்ததும் வரும் கேள்விகளை யாராவது எழுதிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். தெரியாததற்கு “நான் அளக்கவில்லை, அளப்பதென்றால் இப்படி அளக்க வேண்டும்” என்பது முழுமையான விடை. அந்தக் கேள்விகளில் பாதி உங்கள் வாய்மொழித் தேர்விலும் வரும். அதுவும் அரங்கில் பலர் முன் நடப்பதுதான், பேராசிரியர்களும் மற்ற ஆய்வு மாணவர்களும் வந்து உட்காரலாம். அங்கே பல தேர்வாளர்கள் தொடங்குவதே “உங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்றுதான். 2 நிமிடம் 45 நொடிப் படி அப்போது கையில் தயாராக இருக்கும், முதல் நாள் இரவு ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.