வயதிலும், வயதிலேயே

போன மாதம் ஒரு பத்திரிகையில் என் வலது கை வந்தது. கை மட்டும்தான். நீச்சல் குளத்தின் ஏணிக் கம்பியை இறுகப் பிடித்திருக்கிற கை. நரம்பு புடைத்து, தண்ணீரில் ஊறிய விரல் நுனிகள் சுருங்கி, பார்த்தால் 'பாவம், யாரோ' என்று நானே சொல்லியிருப்பேன். கீழே படக்குறிப்பு: "தள்ளாத வயதிலும் தளராத ஆர்வம்."

எனக்கு வயது 61. நீச்சல் கற்றுக்கொண்டது 59இல். வயது கடந்து நீச்சல் பழகுபவர்கள் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம் என்று கேட்டார்கள், சரி என்றேன். படம் எடுக்க வந்த பையன் ஒரு மணி நேரம் நின்று எடுத்தான். ஒன்றில் குதிக்கிறேன். ஒன்றில் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, துப்பவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் முழிக்கிறேன். கேமராவின் சின்னத் திரையில் அதை எனக்குக் காட்டி அவனே சிரித்தான். அத்தனையையும் விட்டுவிட்டுக் கையை எடுத்திருக்கிறார்கள்.

கோபம் வந்தது. ஆனால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. 22 வருஷம் ஒரு வார இதழில் நான் பார்த்த வேலையே பக்கங்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பதுதான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அந்தக் கையைத்தான் வைத்திருப்பேன். வைத்தும் இருக்கிறேன், எத்தனையோ தடவை.

அது எப்படி நடக்கும் என்றால், ராத்திரி எட்டு மணிக்கு ஓய்வூதியம் பற்றி ஒரு கட்டுரை வந்து விழும். ஒன்பதுக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். படம் இருக்காது. விலைக்குப் படம் தரும் தளத்தில் 'முதியவர்' என்று தட்டினால் முதல் வரிசையிலேயே கைத்தடி, அதன் மேல் ஒரு கை, அந்தக் கை மேல் இன்னொரு கை. முகம் இல்லாத படம் எங்களுக்கு அவ்வளவு வசதி. 'என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டீர்கள்' என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஓய்வூதியம், மூட்டுவலி, தனிமை, உயில் தகராறு எதற்கும் பொருந்தும். 'இளைஞர்' என்று தட்டினால் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள், இல்லாவிட்டால் கழுத்து வளைய செல்போன் பார்ப்பார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர் என்றால் மடிக்கணினி முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கின் மேட்டைக் கிள்ளிக்கொண்டிருக்கும் ஒரே ஆள்தான். தலைவலிக்கும் அவர்தான், கடனுக்கும் அவர்தான், விவாகரத்துக்கும் அவர்தான்.

இது எங்கள் அலுவலகத்து வியாதி மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2019இல் அமெரிக்காவின் ஏஏஆர்பி என்ற அமைப்பு பிரபல நிறுவனங்கள் வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்து எண்ணிப் பார்த்தது. அந்த நாட்டில் வயது வந்தோரில் 46 சதவீதம் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். படங்களிலோ அவர்கள் இருந்தது 15 சதவீதத்தில்தான். கணினி, செல்போன் என்று ஏதாவது ஒன்றை அவர்கள் கையாளுகிற மாதிரி இருந்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. 2021இல் இங்கிலாந்தில் 'சென்டர் ஃபார் ஏஜிங் பெட்டர்' என்ற அமைப்பு, வயதானவர்கள் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருக்கும் படங்களைத் திரட்டி யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. சுருங்கிய கையையும் கைத்தடியையும் விட்டால் வேறு படம் கிடைக்காத நிலை ஒழியட்டும் என்றுதான். படிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் கூசியது.

அதே நாட்டில், 'இங்கே முதியவர்கள் சாலையைக் கடப்பார்கள்' என்று எச்சரிக்கிற ஒரு பலகை உண்டு. கூன் விழுந்த ஆண் கையில் தடியோடு முன்னால், அவர் பின்னால் கூன் விழுந்த பெண். 1981இல் குழந்தைகளுக்கு வைத்த போட்டியில் வந்த படம் அது. வரைந்த குழந்தைக்கு இப்போது ஐம்பது வயசாவது இருக்கும்.

படத்தை விடுங்கள். என்னை அதிகம் குடைந்தது அந்தப் படக்குறிப்புதான். 'தள்ளாத' கூட இல்லை, வயதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'உம்'. "61 வயதிலும் நீந்துகிறார்." அந்த 'உம்'மை எடுத்துவிட்டால் செய்தியே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு 'உம்' என்றால் சின்னவர்களுக்கு 'ஏ': "12 வயதிலேயே சாதனை." ஒருத்திக்கு நேரம் கடந்துவிட்டது, ஒருத்திக்கு நேரம் வரவில்லை. இரண்டு பேருமே இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதால்தான் செய்தி. நடுவில் இருக்கும் 43 வயதுக்காரருக்கு 'உம்'மும் இல்லை, 'ஏ'யும் இல்லை. அவர் நீந்தினால் நீந்தட்டும், யார் எழுதப்போகிறார்கள்?

இருபது வயதுப் பையன்களின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே பையன்தான், அவன் செய்த காரியத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். பரிசு வாங்கினால் 'மாணவர்'. ரத்த தானம் செய்தால் 'இளைஞர்'. வழக்கில் சிக்கினால் 'வாலிபர்'. 'வாலிபர் கைது' என்று எத்தனை தலைப்பு பார்த்திருக்கிறேன்! 'வாலிபருக்கு விருது' என்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பாவம், நல்ல சொல், கைதுக்கே நேர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பெண்களுக்கு வருகிறேன். உலா இலக்கியங்களில் வரும் ஏழு பருவத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தது இன்னும் வாயில் இருக்கிறது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேரிளம்பெண்ணுக்கு வகுத்த வயது 32 முதல் 40 வரை. அதற்குப் பிறகு? பட்டியல் முடிந்துவிட்டது, போய் வாருங்கள். சினிமாவும் அதே பட்டியலைத்தான் வைத்திருக்கிறது போலும். 1959இல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் கேரி கிரான்ட்டுக்கு அம்மாவாக நடித்தவர் அவரைவிட ஏழே வயது மூத்தவர். 2015இல் மேகி ஜிலன்ஹால் என்ற நடிகை ஒன்று சொன்னார்: 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்கத் தனக்கு வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது அவருக்கு 37. பேரிளம்பெண் கணக்கில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது.

இதற்கெல்லாம் பின்னால் யாரோ ஒரு கெட்டவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. விளம்பரக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்வையாளர் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த ஏபிசி நிறுவனம், 'எங்களைப் பார்ப்பவர்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் இளம் குடும்பங்கள்' என்று சொல்லி விளம்பரம் பிடித்தது. அந்த வழியில் வந்து நிலைத்ததுதான் 18 முதல் 49 வயது என்ற கோடு. ஐம்பதாவது பிறந்த நாளன்று நீங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே நிகழ்ச்சியைப் பார்க்கலாம், ஆனால் கணக்கில் இருக்க மாட்டீர்கள். எங்கள் இதழிலும் விளம்பர மேலாளர் "நம்ம வாசகர் முப்பத்தஞ்சுக்குக் கீழ" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். ஆசிரியருக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பது என் பக்கத்து மேஜை. பாதிக்கு மேல் நடுங்குகிற கையெழுத்து. அட்டையில் மட்டும் 25 வயதைத் தாண்டி ஒரு முகத்தை வைக்க விட மாட்டார்கள்.

இளைஞர்களையாவது நன்றாக நடத்துகிறோமா என்றால், அதுவும் முறை வைத்துத்தான். டைம் பத்திரிகை 1966ஆம் ஆண்டின் மனிதராக '25 வயதும் அதற்குக் கீழும்' உள்ள எல்லோரையும் தேர்ந்தெடுத்துக் கொண்டாடியது. அதே பத்திரிகை 2013இல், தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும் ஒரு பெண்ணை அட்டையில் போட்டு, 'நான், நான், நான்' என்றிருக்கும் தலைமுறை என்று தலைப்பு வைத்தது. 1966இல் கொண்டாடப்பட்டவர்களில் பெரும்பாலோரைத்தான் இன்றைய பிள்ளைகள் 'பூமர்' என்று கிண்டல் செய்கிறார்கள். 1946 முதல் 1964 வரை என்பது அந்தத் தலைமுறையின் கணக்கு. நான் பிறந்தது 1964 என்பதால் கடைசிப் பேருந்தில் தொற்றிக்கொண்டு ஏறியவள். அண்ணன் மகள் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து "பூமர் அத்தை" என்றுதான் கூப்பிடுகிறாள்.

சரி, படம்தானே, எழுத்துதானே, அதனால் என்ன குறைந்துவிட்டது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐம்பதும் அதற்கு மேலும் வயதான 660 பேர், தங்கள் முதுமையைப் பற்றி முன்பு சொன்ன பதில்களை, பின்னால் அவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம், பத்திரிகைப் படம் அதில் ஒன்றாகவாவது இருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தப் படம் வந்த மறுநாள் குளத்துக்குப் போனேன். ஏணியில் கை வைத்ததும் கையைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினேன். ஆழம் அதிகமான பக்கம் போகவே இல்லை. பயிற்சி கொடுக்கும் பெண் "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அப்புறம் கட்டுரை எழுதிய நிருபரைக் கூப்பிட்டேன். 24 வயதுப் பெண். நான் கொட்டித் தீர்க்கும் வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். "மேடம், நான் எழுதினதுல 'தள்ளாத' இல்ல. படமும் குறிப்பும் டெஸ்க்ல வச்சாங்க" என்றாள். அந்த டெஸ்க் எனக்குத் தெரியாதா என்ன! பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். பேட்டிக்கு எங்கே போனாலும் "உன்னையா அனுப்பியிருக்காங்க, பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்களாம். "நீங்ககூட அன்னிக்கு, 'காலேஜ் முடிச்சிட்டியாம்மா'ன்னு கேட்டீங்க மேடம்."

கேட்டிருந்தேன்தான்.

வாயில் தண்ணீரோடு முழிக்கிற அந்தப் படத்தை அந்தப் பையனிடம் வாங்கி அனுப்பினாள். இந்தப் பதிவுக்கு மேலே இருப்பது அதுதான். மேலே அவளைப் பற்றி எழுதிய இடத்தில் முதலில் "24 வயதிலேயே என்ன பொறுமை" என்று இருந்தது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது, அழித்துவிட்டேன்.