முன்னால் புது டயர், பின்னால் பழைய டயர்

எங்கள் காப்பித் தோட்டம் தாண்டிக்குடியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் வெறும் மண் பாதை. அரபிகா பழுப்பது கார்த்திகை, மார்கழியில். மழை பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். பறித்த பழத்தை அன்றிரவுக்குள் பல்ப்பரில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், விலை போகாது. போன வருடம் இரண்டு நாள் அந்தப் பாதையில் எந்த வண்டியும் ஏறவில்லை. அந்தப் பதினோரு மூட்டைகளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். புதிது வாங்கப் பணம் இல்லை.

முதலில் கொடைக்கானலில் ஒன்றைப் பார்த்தேன். எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் கிளச் மிதி பாதிக்கு மேல் வந்த பிறகுதான் பிடித்தது, பிரேக் டிஸ்க்கில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள். ஓடிய எழுபதாயிரமும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஓடியவை. திண்டுக்கல்லில் பார்த்த இரண்டாவது வண்டி 1,93,000 கிலோமீட்டர் ஓடிய 2015ஆம் வருட டீசல் கார். உடுமலைப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போய்வந்த ஒப்பந்தக்காரருடையது. நால்வழிச் சாலையிலேயே ஓடியது. இருக்கையும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து பளபளத்தன, இன்ஜின் மட்டும் நிதானமாக இருந்தது. மலையில் வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் அது எந்த ரோட்டில் ஓடியது என்று கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முந்தைய நாளே அந்த ஒப்பந்தக்காரரிடம் போனில் சொல்லியிருந்தேன்: "அண்ணே, நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். முதல் சாவியிலேயே பிடித்தது. நீலப் புகை இல்லை, ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை இல்லை, கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

பிறகு குனிந்து டயர்களைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் புதியவை. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். பின் டயர்கள் முன்னவற்றைவிட நான்கு வருடம் மூத்தவை, ஏறக்குறைய மொட்டை. சாதாரணக் காரில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இந்த வித்தியாசம் இயந்திரத்தைக் கெடுக்காது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் இதுதான் முதல் குற்றம்.

அப்பாவின் பழைய ஜீப்பில் ஃபோர் வீல் கம்பியைச் சேற்றில் மட்டும்தான் போடுவோம். தார் ரோட்டில் போட்டால் வளைவில் முன் அச்சும் பின் அச்சும் தங்கள் தங்கள் வேகத்துக்குச் சுற்ற முடியாமல் ஒன்றையொன்று முறுக்கும். இந்தக் காரில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. வழக்கமாக முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். அவை வழுக்குவதாகச் சென்சார் சொன்னால் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் என்ற இணைப்பில் கிளச் தட்டுகள் இறுகி, பின்னாலும் விசை போகும். முன் டயருக்கும் பின் டயருக்கும் 5 மில்லிமீட்டர் தேய்மான வித்தியாசம் இருந்தால், தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்றும். நேரான ரோட்டில்கூடச் சக்கரங்களின் கணக்கு ஒத்துவராது. கப்ளிங் ஓயாமல் உராய்ந்து சூடாகும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இப்படி ஓடியதோ!

வத்தலக்குண்டில் எங்கள் ஜீப்பை இருபது வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் பாயிடம் வண்டியை ஓட்டிப்போனோம். உரிமையாளரும் மறுக்காமல் கூடவே வந்தார், அது எனக்குப் பிடித்தது. பாய் காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தார். கப்ளிங் இறுகிப்போயிருந்தால் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல வண்டி திணறும். திணறவில்லை. அச்சு முனை ரப்பர் உறைகள் கிழியவில்லை, திருப்பும்போது டக்டக் சத்தமும் இல்லை. ஆனால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து தேனீக் கூட்டம் போல ஒரு முனகல் கேட்டது.

பின் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினார். கன்னங்கரேல் என்று வந்தது, அளவுக்கு மீறி வறுத்துவிட்ட கொட்டையின் வாடை. திருகாணியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பாய் சொன்னார்: "மாவாக இருந்தால் தேய்மானம் அம்மா, சில்லாக இருந்தால் உடைசல். இது மாவுதான். ஆனால் கப்ளிங்குக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

அடுத்து அய்யம்பாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மணலில் முன் சக்கரங்களைப் புதைத்து, ஃபோர் வீல் சுவிட்சை 'ஆட்டோ' நிலையில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். முன் சக்கரங்கள் ஒரு கணம் மணலை வாரின. அப்புறம் பின்பக்கம் தள்ளியது. வண்டி ஏறி வெளியே வந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது.

நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டவரிடம் ஆயிலைக் காட்டினேன். "தங்கச்சி, முன்னால் தேய்ந்தது, முன்னால் மட்டும் மாற்றினேன். இப்படி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு முடிந்தது. கடன் தீர்ந்த சான்று, ஆர்.சி., பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே பிராண்டில், ஒரே அளவில் நான்கு புது டயர், எல்லா ஆயிலும் மாற்றம், எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாத டைமிங் பெல்ட்: இவற்றுக்காக அறுபதாயிரம் தனியாக எடுத்து வைத்திருந்தேன், இரண்டாயிரம்தான் மிஞ்சியது. அந்த முன் டயர்களில் நல்லதாக ஒன்று ஸ்டெப்னியாகக் கிடக்கிறது. அதை மாட்டினால் டயர்கடை வரைதான் ஓட்ட வேண்டும் என்று என் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

கார்த்திகை பிறந்த பத்தாம் நாள், மூன்று நாள் மழைக்குப் பிறகு, பின் இருக்கையை மடித்து ஆறு மூட்டை ஏற்றினோம். ஓடைக்கு மேலே இருக்கும் களிமண் மேட்டில் முன் சக்கரம் வழுக்கியது. பறிப்புக்கு வந்த அக்காக்கள் தள்ளுவதற்காகப் பின்னால் ஓடிவந்தார்கள். அவர்கள் கை வைப்பதற்குள் வண்டி மேலே போய்விட்டது.

இரவு எட்டரைக்குப் பல்ப்பர் ஓடி முடிந்தது. முனகல் இன்னும் இருக்கிறது, முன்பைவிடச் சற்றுக் குறைவாக, ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில். பறிப்பு முடிந்து தை மாதம் பாயிடம் விட்டு, பின்பக்கத்தைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.