இடையில் விட்ட தோல்

ஜனவரி 6
தோல் மருத்துவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அறை விளக்கை அணைத்தார். சிறிய டார்ச் ஒன்றைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினார். நேர் வெளிச்சத்தில் மங்கிக் கிடந்த குழிகளெல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. பிறகு இரு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். சில குழிகள் மறைந்தன, சில அசையவில்லை. பருத் தழும்பு என்று நான் ஒரே பெயரில் சொல்லிவந்தது உண்மையில் மூன்று வகையாம்: ஊசி குத்தியது போல் குறுகி ஆழமாக இறங்கியவை, செங்குத்தான விளிம்புள்ள பள்ளங்கள், அடியில் நார் பிடித்து இழுப்பதால் அலையலையாகத் தெரிபவை. “லேசர் பள்ளங்களுக்கு நன்றாக உதவும். மற்ற இரண்டிலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்” என்றார். முதல் சந்திப்பிலேயே இதைச் சொன்னவரை நம்பலாம் என்று தோன்றியது.

கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, தழும்பு தடித்து வளரும் உடம்பா, உதட்டில் அக்கி வருமா என்று கேட்டார். கடைசியாகக் கேட்டது வருவதுண்டு. அதற்கு முன்கூட்டியே அசைக்ளோவிர் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 9
படித்துக்கொண்டிருக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், இந்தியாவில் பிறந்தவர். அதன் கதிர் 10,600 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தண்ணீர் அதை நன்றாக உறிஞ்சும். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், கதிர் பட்ட இடம் கொதித்து ஆவியாகிவிடுகிறது. எர்பியம் லேசரின் 2,940 நானோமீட்டர் கதிரைத் தண்ணீர் இன்னும் பல மடங்கு உறிஞ்சுகிறது. அதனால் சுற்றிலும் பரவும் சூடு குறைவு.

1990-களில் முகத்தின் மேல்தோலை முழுவதுமாக எடுத்துவிடுவார்களாம். பலன் பெரிது, விலையும் பெரிது: மாதக்கணக்கில் சிவப்பு, சிலருக்கு வெகுநாள் கழித்து வெளிறிய திட்டுகள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு வழி காட்டியது. தோலில் நுண்ணிய தூண்களாக மட்டும் காயப்படுத்தி, நடுவில் நல்ல தோலை அப்படியே விட்டுவிடுவது. அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. எவ்வளவு சுட்டார்கள் என்பதைவிட எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது போலும்.

ஜனவரி 13
வெயிலுக்குத் தோல் எப்படிச் சிவக்கும், கறுக்கும் என்று வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நான் ஐந்தாம் வகை, பழுப்புத் தோல். 1975-இல் அது வந்தபோது வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் வகைகள் இருந்தன. பழுப்பும் கறுப்பும் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. எங்களுக்குக் காயம் ஆறிய இடத்தில் கருமை படிவது சர்வசாதாரணம். ஆகவே லேசர் சுடும் புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்துவிடுவதாக மருத்துவர் சொன்னார். காதுக்கு முன்னால் சிறு இடத்தில் சோதனை செய்தாயிற்று. பல வாரம் பொறுத்துப் பார்ப்போம்.

பிப்ரவரி 24
முடிந்தது. மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு கண்ணுக்குக் கவசம். டிக், டிக் என்று கட்டம் கட்டமாக நகர்ந்தது கருவி. முடி கருகும் வாடை. புகையை உறிஞ்சும் குழாயை உதவியாளர் விடாமல் பக்கத்திலேயே பிடித்திருந்தார். அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக் கூடாதாம். கன்னத்தில் பொறுத்துக்கொண்டேன், மேலுதட்டில் கண்ணீர் வந்துவிட்டது. வலி போன பின்பும் சூடு மணிக்கணக்கில் நின்றது.

பிப்ரவரி 25
வீக்கம். நீர் கசிகிறது. கழுவு, வாசலின் தடவு, மறுபடி கழுவு.

பிப்ரவரி 27
பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். பழுப்புப் புள்ளிகள் வரிசை மாறாமல், கருவியின் முனை எத்தனை அகலம் என்று அளந்துவிடும்படி சதுரம் சதுரமாக. இரண்டு சதுரங்கள் சேரும் இடத்தில் ஒரு வரி சற்றே நெருங்கியிருக்கிறது. தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரப்பு. செத்த திசுவை உடம்பு வெளியே தள்ளுகிறது. விரல் துறுதுறுவென்கிறது, உரிக்கக் கூடாது.

மார்ச் 4
தானாக உதிர்ந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பு. குழிகளே இல்லை! அக்கா பார்த்துவிட்டு, “அடையாளமே தெரியவில்லையே” என்றாள். ஆனால் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. குழிகளை நிரப்பியிருப்பது அந்த நீர்தான். ‘முன்பு, பின்பு’ என்று போடும் விளம்பரப் படங்களில் இந்த வாரத்தில் எடுத்தவை எத்தனையோ! முன்பு படத்துக்குப் பக்க வெளிச்சம், பின்பு படத்துக்கு நேர் வெளிச்சம் என்று வைத்துவிட்டால் லேசரே தேவையில்லை.

மார்ச் 24
எதிர்பார்த்தது வந்துவிட்டது. இடது கன்னத்தில் பழுப்பு நிழல். சில வாரம் கழித்துத் தலைகாட்டுவதுதான் இதன் வழக்கம், பெரும்பாலும் மாதங்களில் மங்கிவிடும் என்கிறார் மருத்துவர். என் சன்ஸ்கிரீனை மாற்றச் சொன்னார். புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத் தோலைக் கருக்கும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் வேண்டும். கூடவே கருமையை மங்கவைக்க அசலாயிக் அமிலக் களிம்பு. தெரிந்தவர் ஒருவர் தன் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்பை நீட்டினார். தோலை மெலிய வைத்துவிடும் அந்தச் சனியன் எனக்கு வேண்டாம்.

ஜூன் 11
மறுபடியும் விளக்கை அணைத்து, அதே டார்ச். பள்ளங்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, நிழல் குட்டையாகிவிட்டது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் கூடுவது மூன்று முதல் ஆறு மாதம் வரை நடக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் மேலேறலாம். கருமை ஏறக்குறையப் போய்விட்டது. ஊசித் துளைகள் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றுக்குள் செறிவான அமிலத்தைக் குச்சி முனையால் தொட்டுவைக்கும் முறை உண்டாம். அலைக் குழிகளுக்கு ஊசியை உள்ளே விட்டு நாரை அறுக்க வேண்டும். நார் முதலில், லேசர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நாளும் குறித்துக்கொடுத்துவிட்டார், 25-ஆம் தேதி.