மலைமேல் இருக்கும் ஸ்விட்ச்

சேலத்தில் உட்கார்ந்தபடி ஏற்காட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பெட்டிகளான ரவுட்டரிலும் ஸ்விட்சிலும் மாற்றம் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. தலைமை அலுவலகம் கீழே, கிளைகள் மலைமேல். அடிக்கிற கட்டளை கண் இமைக்கும் நேரத்தில் மேலே போய்விடும். அது தப்பாகி இணைப்பு அறுந்தால், பெட்டியில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றுபோனது.

அதனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வீலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது), ரவுட்டிங் எல்லாம் சொல்லித்தருவதற்கு முன்னால் நான் சொல்லித்தருவது ரீலோட் டைமரைத்தான். சிஸ்கோ கம்பெனியின் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக், அதாவது அமைப்புகளின் தொகுப்பு, தற்காலிக நினைவகமான ரேமில் இருக்கும். கரண்ட் போனால் போச்சு. சேமித்து வைத்த ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைத்தான் பெட்டி மறுபடி எழும்போது படிக்கும். ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவிட்டு மாற்றத்தைத் தொடங்கினால், இணைப்பு போனாலும் பத்து நிமிடத்தில் பெட்டி தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம்தான் சேமிக்கும் கட்டளையான ‘ரைட் மெமரி’. அவசரப்பட்டு முதலிலேயே சேமித்துவிட்டால் டைமர் இருந்தும் பயனில்லை. இன்னொன்றும் உண்டு: யாரோ முன்பு செய்துவிட்டுச் சேமிக்காமல் விட்ட மாற்றம் ஏதாவது இருந்தால் ரீலோடில் அதுவும் போய்விடும். தொடங்கும் முன் இரண்டு கான்ஃபிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஜூனிபர் என்ற இன்னொரு கம்பெனியின் பெட்டிகளில் இதைக் கட்டளையிலேயே வைத்திருக்கிறார்கள். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்துவிட்டு பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பெட்டி ரீஸ்டார்ட் ஆகாமலே பழையது திரும்பிவிடும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்திருக்கலாம்.

ஒருமுறை மலைக்கிளை ஒன்றில் கேமராக்களுக்கென்று தனி வீலேன் 30 போட வேண்டியிருந்தது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி, ஸ்விட்சிலிருந்து பல வீலேன்களையும் ரவுட்டருக்குக் கொண்டுபோகும் ட்ரங்க் போர்ட்டில் ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 30’ என்று அடித்தார். நடுவில் ‘ஆட்’ (சேர்) என்ற சொல் இல்லை. அது இல்லாவிட்டால் ஸ்விட்ச் 30-ஐ, அந்தப் போர்ட்டில் அனுமதித்த வீலேன்களின் பழைய பட்டியலோடு சேர்த்துக்கொள்ளாது. பட்டியலை அழித்துவிட்டு 30-ஐ மட்டும் விட்டுவைக்கும். நாங்கள் உள்ளே நுழைந்திருந்த வீலேன் 10-ம் அதோடு போனது. திரையில் கர்சர் அப்படியே நின்றது.

“அண்ணா, செஷன் போயிருச்சுங்கண்ணா.”

“டைமர் போட்டீங்களா?”

“போட்டிருக்கேங்கண்ணா.”

“அப்ப சரி. மணியைப் பாத்துக்கங்க.”

அதற்குள் கிளையிலிருந்து மேடம் செல்போனில் கூப்பிட்டார். “சார், எந்த சிஸ்டமும் ஓடல. அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுங்களா?” பண்ணினாலும் பழைய கான்ஃபிக்தான் வரும். ஆனால் அந்த ரேக்கில் யூபிஎஸ், ஃபைபர் கன்வர்ட்டர், ரவுட்டர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எந்த ஒயரைப் பிடுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. எதையும் தொட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டைமர் முடிந்தது, ஸ்விட்ச் எழுந்து வரச் சில நிமிடங்கள், மேடமே மறுபடி கூப்பிட்டு வந்துவிட்டது என்றார். தம்பி இரண்டாம் முறையும் டைமர் போட்டுவிட்டு, ‘ஆட்’ சேர்த்து அடித்தார்.

அந்த ‘ஆட்’ விடுபடுவதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சொல் விடுபட்டால் பட்டியல் முழுதும் அழியும்படி, அழிக்கும் முன் ஒரு கேள்வியும் கேட்காதபடி, கட்டளையை வைத்ததுதான் கோளாறு.

டைமரிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வேலை நேரத்தில் ஒரு கிளை பத்து நிமிடம் முடங்குவது சின்ன விஷயமல்ல. சிம் போட்ட சின்ன 4ஜி ரவுட்டர் ஒன்றை ரேக்கில் வைத்து, கன்சோல் போர்ட்டுக்கு அதன் வழியாகத் தனிப்பாதை கொடுத்துவிட்டால் முதன்மை இணைப்பு செத்தாலும் உள்ளே நுழையலாம். எந்த சிம் என்பதை ரேக் இருக்கும் அறையிலேயே நின்று சிக்னல் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். வாசலில் நன்றாக எடுப்பது கல் சுவருக்கு உள்ளே எடுக்காது. இரண்டு கிளைகளுக்கு இது கிடைத்துவிட்டது. மீதிக் கிளைகளுக்கும் வேண்டும் என்று இந்த ஆண்டு பட்ஜெட்டில் மறுபடி கேட்டிருக்கிறேன்.