40 மணி நேரம் 70 ஆகும் இடங்கள்: அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ்

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிப்படி பிரைவேட் பைலட் ஆகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 இன்ஸ்ட்ரக்டரோடு, 10 தனியாக. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கற்பவர்களில் 40-இல் முடிப்பவர்கள் அபூர்வம். 60, 70 என்பதுதான் நடைமுறை. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் சிறு விமானமான செஸ்னா 172-இன் வாடகை பல ஊர்களில் மணிக்கு 150 முதல் 200 டாலர், இன்ஸ்ட்ரக்டர் கட்டணம் தனி. கூடுதலாகும் ஒவ்வொரு மணியும் 200 டாலருக்கு மேல். இந்த மணிகள் திறமைக் குறைவால் போவதில்லை. ஒழுகும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றேதான்.

மருத்துவச் சான்றில் தொடங்குங்கள். தனியாகப் பறக்க மூன்றாம் வகுப்புச் சான்று போதும். 40 வயதுக்குள் என்றால் 60 மாதம் செல்லும், தாண்டினால் 24 மாதம். முதலில் பத்துப் பதினைந்து மணி நேரம் பறந்துவிட்டு மருத்துவரிடம் போவதுதான் பொதுவான தவறு. மாத்திரை சாப்பிடுபவர்கள் மெட்எக்ஸ்பிரஸ் (எஃப்ஏஏவின் இணைய மருத்துவ விண்ணப்பம்) படிவத்தோடு நேராகப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. எஃப்ஏஏ அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் முதலில் ஆலோசனைக்கு மட்டும் போய், என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை தொடங்கிவிட்டால் முடிவு பதிவாகியே தீரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் அறிக்கை சரியாக இருந்தால் பெரும்பாலும் சான்று கிடைக்கும். மனச்சோர்வு மாத்திரை, கவனக்குறைவுக்கான மாத்திரை என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். எதையும் மறைக்காதீர்கள், அது குற்றம். அதைவிட முக்கியம்: விண்ணப்பம் மறுக்கப்பட்டால், டிரைவர் லைசென்ஸையே மருத்துவத் தகுதியாகக் காட்டிப் பறக்கும் ஸ்போர்ட் பைலட் வழியும் சேர்ந்து அடைபடும்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, பயிற்சிக்கு முன் டிஎஸ்ஏ (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பெற வேண்டும். அறிமுகப் பறத்தலுக்கு அது தேவையில்லை. எஃப்ஏஏவின் விண்ணப்பத் தளமான ஐஏசிஆர்ஏவில் ஸ்டூடண்ட் பைலட் சான்றுக்கும் அதே நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் தனியே பறக்க முடியாது. இதில் நம் ஆட்களுக்கு என்றே ஒரு வில்லங்கம் உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டிரைவர் லைசென்ஸில் வேறு மாதிரி, ஐஏசிஆர்ஏவில் ஓர் எழுத்து மட்டும் என்று இருந்தால் தேர்வு நாளன்று தேர்வாளர் கோப்பை மூடி வைத்துவிடலாம். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே முதல் நாளிலிருந்து எழுதுங்கள்.

அடுத்தது இடைவெளி. வாரம் இரண்டு முறை பறந்தால் கை மறக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரை மணி நேரம் பழைய பாடத்துக்கே சரியாகிவிடும். காசு வரவர பறப்பதைவிட, ஒரு வருடம் சேர்த்துவைத்து ஆறு மாதத்தில் முடிப்பது மலிவு. சேர்த்ததை மொத்தமாகப் பள்ளியில் கட்டிவிடாதீர்கள். பள்ளி மூடினால் அந்தப் பணம் திரும்புவது கஷ்டம். தள்ளுபடி வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் பத்து மணி நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். எழுத்துத் தேர்வையும் சீக்கிரம் எழுதிவிடுங்கள்: 60 கேள்வி, தேர்ச்சிக்கு 70 சதவீதம், முடிவு 24 மாதம் செல்லும்.

வாடகை பெரும்பாலும் ஹாப்ஸ் மீட்டர் கணக்கு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடும். ஐபேடைத் தேடுவது, ரேடியோ அலைவரிசை எழுதுவது, இன்றைக்கு என்ன பாடம் என்று பேசுவது எல்லாம் சாவியைத் திருப்புவதற்கு முன் முடிய வேண்டும். வெளிச் சோதனையில் மட்டும் நேரத்தைப் பார்க்காதீர்கள், அது இலவசம். 172எஸ் மாடலில் எரிபொருள் சோதிக்க 13 வடிகால்கள்: ஒவ்வொரு இறக்கைக்கும் ஐந்து, எஞ்சினுக்குக் கீழே மூன்று. 100எல்எல் பெட்ரோல் வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால், பிடித்துப் பார்க்கும் சோதனைக் குழாயின் அடியில் நிறமில்லாத குமிழாக உட்காரும். ஆனால் குழாய் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று தோன்றும். அதனால் குழாயை வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் மோந்து பாருங்கள்.

அதிக மணிகள் கரைவது லேண்டிங்கில். எல்லோரும் தரையைத் தொடும் கணத்தில் தவறு தேடுகிறார்கள். தவறு நடந்தது அரை நிமிடம் முன்னால், வேகத்தில். 172-இல் ஃபிளாப்ஸை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்கள்) முழுதாக இறக்கி 65 நாட் (மணிக்கு 65 நாட்டிகல் மைல்) வேகத்தில் வர வேண்டியவர் 75-இல் வருகிறார். பத்து நாட் அற்பமாகத் தெரியும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், உடன் வரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அது தீரும்வரை விமானம் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துப் பாலோ ஆல்டோ போல 2,443 அடிதான் ஓடுபாதை என்றால் மிதக்க இடமே இல்லை. பயந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதும், எகிறும், மறுபடி மோதும். மூன்றாவது எகிறலில் புரொப்பெல்லர் தரையில் இடிக்கலாம். ஒருமுறை எகிறியதுமே விட்டுவிடுங்கள்: முழு திராட்டில், ஃபிளாப்ஸ் 20 டிகிரி, வேகம் 60 நாட், மேலேறுங்கள். இன்னொரு சுற்றுக்கு ஆறு நிமிட வாடகை, அவ்வளவுதான்.

வேகம் சரியாக இருந்தும் தடுமாறினால் கண்ணைக் கவனியுங்கள். மூக்குக்கு முன்னால் இருக்கும் தார்ப்பரப்பைப் பார்த்தால் உயரம் பிடிபடாது. தரைக்குச் சற்று மேலே மூக்கை மெல்லத் தூக்கத் தொடங்கும்போது பார்வை ஓடுபாதையின் கோடிக்குப் போக வேண்டும். பிறகு 'இறக்க' முயலக் கூடாது, இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டால் ஹார்ன் (வேகம் மிகக் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போவதை எச்சரிக்கும் ஒலி) முனகும் நேரத்தில் பின்சக்கரங்கள் தாமாகவே தொடும். தொட்ட பிறகும் கையைத் தளர்த்தாதீர்கள். பக்கவாட்டுக் காற்றை இன்ஸ்ட்ரக்டரோடு நிறையப் பழகுங்கள். அமைதியான காலைகளிலேயே கற்றவர் தனியே பறக்கும் கட்டத்தில் வாரக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஒழுகல், பறந்த மணிகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில். கிராஸ்கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறக்கும் பயணம்) என்று கணக்கில் சேர, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் உள்ள விமான நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். 49.6 என்றால் அந்த இரண்டு மணி நேரமும் வெறும் பறத்தல். தனிக் கிராஸ்கன்ட்ரி 5 மணி நேரம் வேண்டும். அதில் ஒன்று 150 மைல், மூன்று இடங்களில் முழு நிறுத்தம், ஏதாவது ஒரு கட்டம் 50-க்கு மேல். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்தில் தனியாக மூன்று முழு நிறுத்த லேண்டிங். தொட்டு எழுவது சேராது. இரவில் இன்ஸ்ட்ரக்டரோடு 3 மணி நேரம், 10 லேண்டிங், 100 மைலுக்கு மேல் ஒரு பயணம். தேர்வுத் தயாரிப்பு 3 மணி நேரம் தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் இதுதான் முதலில் காலாவதியாகும். 30 மணி நேரம் ஆனதும் ஒரு மாலை இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து விதியையும் லாக்புக்கையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

இறுதித் தேர்வான செக்ரைடுக்குத் தேர்வாளர் தேதி கிடைப்பது பல ஊர்களில் பெரும்பாடு. தயாரான பின் கேட்காமல், நீண்ட கிராஸ்கன்ட்ரி முடிந்ததுமே கேட்டு வையுங்கள். வாய்மொழித் தேர்வில் மனப்பாடம் உதவாது. டென்வர் சென்டெனியல் கடல்மட்டத்துக்கு மேல் 5,885 அடி. 30 டிகிரி வெயிலில் விமானத்துக்கு அது 9,000 அடிக்கு மேல் இருப்பது போலத்தான். முழு டாங்க்கோடு இரண்டு பேர் ஏறினால் ஓடுபாதை போதுமா என்று கேட்பார்கள். விமானக் கையேட்டின் அட்டவணையைத் திறந்து கணக்குப் போட்டுக் காட்டலாம். எழுத்துத் தேர்வில் விட்ட தலைப்புகளிலிருந்து நிச்சயம் கேள்வி வரும். விமானத்தின் வருடாந்திரச் சோதனை, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), அவசர ஒலிபரப்பி இவற்றின் பதிவுப் பக்கங்களில் முந்தின நாளே தாள் ஒட்டி வையுங்கள்.

பறக்கும் பகுதியில் 45 டிகிரி சாய்வில் வளையும்போது 100 அடிக்குள் உயரம் காக்க வேண்டும். நழுவினால் நழுவியதை உடனே சொல்லித் திருத்துங்கள்; தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான். ஒரு பகுதியில் தோற்றாலும் முடித்தவை வீணாகாது, 60 நாளுக்குள் மிச்சத்தை மட்டும் செய்தால் போதும். மேகம் இறங்கியதால் நீங்களே பாதியில் நிறுத்தினாலும் அதே 60 நாள், அது தோல்வியாகவும் பதிவாகாது. அதனால் வானிலை சந்தேகமாக இருக்கும் நாளில் வாய்மொழியை மட்டும் முடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.