அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

சேலத்தில் ஆள் எடுக்கிற யாரிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான், "பழக்கி விட்டதும் பெங்களூரு போயிடுறாங்க." 200 கிலோமீட்டர்தானே, ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம். அதனால் இன்டர்வியூவில் அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால், எப்போ ஓடுவாய் என்றுதான் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் உங்களிடம் ஜோசியம் எதிர்பார்க்கவில்லை.

நான் ஆத்தூர் பக்கம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீசுக்கு ஆள் எடுக்கும்போது முதலாளி என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். "உங்க சேர்ல இருப்பேன் சார்" என்று பையன்கள் சொல்வதை அங்கே நிறையக் கேட்டாகிவிட்டது. யூடியூபில் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் போல. முதலாளியின் சேர் அவர் மகனுக்கு, அது ஊருக்கே தெரியும், அப்போ மிச்சம் இருப்பது என் சேர்தான்!

தலைவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பி.காம் பையன் சொன்ன பதில் வேறு மாதிரி. "முதல்ல பில், ஜிஎஸ்டி எல்லாம் தனியாப் பார்க்கிற அளவுக்கு வரணும் சார். அப்புறம் கொள்முதல் கத்துக்கணும். எங்கப்பா மரவள்ளி போடுறவரு, லோடு இறக்கினா பாயிண்ட் எப்படிப் போடுறாங்கன்னு அவருக்கு இன்னைக்கும் சந்தேகம்தான். நான் இந்தப் பக்கம் நின்னு பார்க்கணும்." முதலாளி சிரித்துவிட்டார். தெரியாதவர்களுக்கு: கிழங்குக்கு எடையை மட்டும் வைத்துப் பணம் கொடுப்பதில்லை, அதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். ரெண்டு பாயிண்ட் குறைந்தால் விவசாயி கையில் வரும் பணமும் குறையும், கேட்டுக்கு வெளியே நடக்கிற சண்டையில் பாதி இதனால்தான். அந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறவன் சீசன் நடுவில் விட்டுவிட்டுப் போகமாட்டான் என்று எங்களுக்குத் தோன்றியது. பதவி பெயர் எதுவும் அவன் சொல்லவில்லை, இந்தக் களத்திலேயே அடுத்து என்ன கத்துக்கொள்ள இருக்கிறது என்று மட்டும் சொன்னான். நீங்கள் போகிற இடம் கொலுசுப் பட்டறையோ தறிக்கூடமோ, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போனால் இந்தப் பதில் தானாக வரும்.

இன்னொரு பெண் நேராகவே சொல்லிவிட்டாள். "குரூப் ஃபோர் எழுதியிருக்கேன் சார், கிடைச்சா போயிடுவேன்." முதலாளி முகம் சுருங்கியது. "ஆனா ரிசல்ட், கவுன்சலிங் எல்லாம் முடிய மாசக்கணக்காகும் சார். அதுவரைக்கும் கணக்கு என் பொறுப்பு. போறதா இருந்தா அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போவேன்." நான் அவளுக்காகப் பேசினேன், எடுத்துக்கொண்டார்கள். இதை எல்லா இடத்திலும் சொல்லச் சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பாண்ட் எழுதி வாங்குகிற கம்பெனியில் இப்படிச் சொன்னால் அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள். கேட்காதவரை பரீட்சைக் கதையை எடுக்க வேண்டாம், கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

பெண்களிடம் மட்டும் "கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவியாம்மா?" என்று கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு பையனிடம்கூட இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதே தப்பு. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அங்கே வைத்துச் சண்டை போட முடியாது, "தொடர்ந்து வேலைக்குப் போறதாத்தான் இருக்கேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுவது நல்லது.

கடைசியில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். அப்போது பலரும் சம்பளத் தேதியைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த தலைவாசல் பையன் கேட்டது, "அஞ்சு வருஷம் முன்னாடி இதே வேலைல சேர்ந்தவங்க இப்ப என்ன பண்றாங்க சார்?" முதலாளி என்னைப் பார்த்தார். ஒருவர் ஈரோட்டில் ஒரு மில்லில் இருக்கிறார், இன்னொருவர் இங்கேயே ஸ்டோர் பார்க்கிறார், சம்பளம் ஓரளவு ஏறியிருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். இந்தக் கேள்விக்கு மழுப்புகிற கம்பெனி என்றால், வேலை கிடைத்தாலும் இன்னொரு தரம் யோசித்துவிட்டுச் சேருங்கள்.